மூன்று சக்கரம் போகிற அளவுக்குப் பாதை போடுங்கள்

தமிழ்நாட்டு மாநகராட்சி ஆணையர்களுக்கும், சாலைகளை வரைந்து போடுகிற பொறியாளர்களுக்கும், போக்குவரத்துக் காவல் அதிகாரிகளுக்கும்,

சைக்கிளுக்கென்று நீங்கள் வரைகிற பாதைகளில் மூன்று சக்கர வண்டி இல்லை. அதனால்தான் இந்த மடல். சாலையின் இடது ஓரத்தில் ஒன்றரை மீட்டருக்குப் பச்சைச் சாயம், அதன்மேல் ஒரு சைக்கிள் படம், நுழைகிற இடத்தில் தொண்ணூறு சென்டிமீட்டர் இடைவெளியில் இரும்புத் தூண்கள். தண்ணீர் கேன் ஏற்றிய ட்ரைசைக்கிளின் அகலம் 1.1 முதல் 1.2 மீட்டர். அது தூணுக்கு முன்னாலேயே நின்றுவிடும். பள்ளிக் குழந்தைகளை ஏற்றிய ரிக்‌ஷாவும் நிற்கும். மாற்றுத்திறனாளியின் கைப்பெடல் வண்டி உரசிக்கொண்டு திணறும். மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் பார் எழுபத்தைந்து, எண்பது சென்டிமீட்டர்தான் என்பதால் அது மட்டும் தாராளமாகப் போய்விடும். யாரைத் தடுக்கத் தூண் நட்டீர்களோ அவருக்கு வழி கிடைத்திருக்கிறது. யாருக்காகப் பாதை போட்டீர்களோ அவர் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே மிதித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வண்டிகள் நகரத்தின் மிச்சசொச்சம் அல்ல. பாரிமுனை, சவுகார்பேட்டைச் சந்துகளில் துணி மூட்டையும் காகிதக் கட்டும் எதில் போகின்றன என்று ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். மீன்பாடி வண்டி என்று சென்னை பெயர் வைத்த அந்தத் தட்டு வண்டியில் மரச்சட்டம், இரும்புக் கம்பி, வீடு மாற்றும் பீரோ, காலி பாட்டில் எல்லாம் போகின்றன. குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டி நுழைய முடியாத தெருவுக்குச் சரக்கு இதில்தான் போய்ச் சேர்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக, வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு சுமார் 13 பேர் சைக்கிள் என்றார்கள். அவர்கள் உடற்பயிற்சிக்காக மிதித்தவர்கள் அல்லர். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விலையில்லா மிதிவண்டி கொடுத்து வருகிற மாநிலம் இது. வண்டியைக் கொடுத்த அரசு, அதைப் பள்ளிவரை மிதித்துப் போக வழி கொடுக்கவில்லை.

எங்கள் கோரிக்கையின் சாரம் ஒன்றுதான். மேம்பாலத்தை லாரியின் எடைக்குக் கணக்குப் போடுகிறீர்கள். முனைத் திருப்பத்தைப் பேருந்தின் நீளத்துக்குக் கணக்குப் போடுகிறீர்கள். அதேபோல, மிதிக்கும் வண்டிகளின் பாதையைச் சரக்கு ஏற்றிய ட்ரைசைக்கிளுக்குக் கணக்குப் போடுங்கள். அது போகிற இடத்தில் சைக்கிள் போகும், சக்கர நாற்காலி போகும், பாட்டி தள்ளுகிற இட்லிக்கடை வண்டியும் போகும். சைக்கிளுக்கு மட்டும் அளந்து போட்டால் இவற்றில் எதற்கும் உறுதி கிடையாது.

கணக்கைச் சொல்கிறோம். வண்டி 80 கிலோ, ஓட்டுபவர் 60 கிலோ, இருபது லிட்டர் கேன் எட்டு என்றால் 160 கிலோ. மொத்தம் 300. நாள் முழுக்க மிதிக்கிற ஒருவர் தொடர்ந்து தரக்கூடிய சக்தி சுமார் 75 வாட். நல்ல தார்ச்சாலையில், காற்று சரியாக அடித்த டயரில், இந்த எடையை உருட்டுவதற்கான எதிர்ப்பு சுமார் 30 நியூட்டன். ஆக, சமதளத்தில் வண்டி மணிக்கு 9 கிலோமீட்டர் போகும். ஒட்டுப்போட்ட தளம், சிதறிய ஜல்லி, ஓரத்து மணல் என்று ஆகும்போது எதிர்ப்பு இரட்டிப்பாகிவிடும். அதே வியர்வைக்கு வேகம் பாதியாகிவிடும். சாலையின் தரத்தை எந்தக் கருவியையும்விடத் துல்லியமாக அளப்பது மிதிப்பவரின் முழங்கால்தான்.

முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற சரிவு காரில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இந்த 300 கிலோவுக்கு அது கூடுதலாக 98 நியூட்டன். வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டராகிவிடும். மூன்று சக்கரம் சாயாது என்றாலும், அந்த வேகத்தில் உட்கார்ந்து மிதிப்பதைவிட இறங்கித் தள்ளுவது எளிது. அதனால்தான் மேம்பால ஏற்றத்தில் ரிக்‌ஷாக்காரர் இறங்கித் தள்ளுகிறார். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். அவர் சோம்பேறி என்பதால் அல்ல, கணக்கு அப்படி. மேம்பாலம் கட்டும்போது கீழே சமதளத்திலேயே சந்திப்பைக் கடக்க மிதிவண்டிகளுக்கு வழி விடவேண்டும். நீங்களோ கீழ்ச்சாலையில் வருகிறவர்களை யு-டர்ன் போட்டு முக்கால் கிலோமீட்டர் சுற்றவிடுகிறீர்கள். மோட்டாருக்கு அது ஒரு நிமிடம். 300 கிலோவை மிதிப்பவருக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்குப் பத்து முறை.

நிறுத்துவதற்கும் விலை உண்டு. ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற இந்த வண்டியை ஒருமுறை நிறுத்தி மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர, முப்பது மீட்டர் தூரம் கூடுதலாக மிதித்த உழைப்பு செலவாகும். வீட்டு வாசல் சரிவு, கடை முன்பு கொட்டிய மணல், நடுப்பாதையில் நிற்கிற மின்மாற்றி, குறுக்கே நிறுத்திய பைக் என்று ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை நிற்க வைக்கிற பாதையில் போவதைவிடச் சாலையிலேயே போவது மேல் என்று மிதிப்பவர் முடிவு செய்வார். பிறகு நீங்கள், பாதை போட்டும் யாரும் பயன்படுத்தவில்லை என்று கோப்பில் எழுதுவீர்கள்.

தளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். சைக்கிளின் இரண்டு சக்கரமும் ஒரே தடத்தில் ஓடும், பள்ளத்தைக் கண்டால் ஹேண்டிலை ஒடித்துத் தப்பிக்கலாம். ட்ரைசைக்கிளுக்குத் தடம் மூன்று. நடுச்சக்கரத்தைக் காப்பாற்றினால் ஓரச்சக்கரம் இறங்கும். இறங்குகிற சக்கரத்தின்மேல் நூறு கிலோவுக்குக் குறையாமல் எடை இருக்கும். சாதாரண சைக்கிள் கம்பிகள் நேர் எடையை நன்றாகத் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. வளைவில் சாய்ந்து போகிற சைக்கிளுக்கு அந்த இழுப்பு கிடையாது. சாய முடியாத ட்ரைசைக்கிளுக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் உண்டு. அதோடு பள்ளமும் சேர்ந்தால் கம்பி கழுத்தில் முறியும், இரண்டு கம்பி போனால் ரிம் கோணி எட்டு போடும், அன்றைய வேலை அதோடு முடிந்தது.

பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தார் போடுவதால் மேன்ஹோல் மூடிகள் ஐந்து, எட்டு சென்டிமீட்டர் கீழே போய்விடுகின்றன. சாலையின் ஓரமும் அதே அளவுக்கு விளிம்பு கட்டிவிடுகிறது. பேருந்துக்கு ஒதுங்கி ஓரத்தில் இறங்கிய சக்கரம், மறுபடி ஏறும்போது அந்த விளிம்பில் உரசித் திரும்ப மறுக்கும். சைக்கிள்காரர் சாலைப் பக்கமாகவே விழுவார். மழைநீர் வடிகாலின் கம்பிச் சட்டம் இன்னொரு பொறி. சட்டத்தின் பிளவுகள் போக்குவரத்தின் திசையிலேயே நீளமாக இருந்தால், 28 அங்குலச் சைக்கிளின் ஒன்றரை அங்குல டயர் அதற்குள் இறங்கிவிடும். சட்டத்தைக் குறுக்காகத் திருப்பிப் போட ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு இல்லை, பிளவு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாமல் வார்த்தால் போதும். மழைக்காலத்தில் அந்தப் பிளவு தண்ணீருக்கு அடியில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பாதை முழுக்கச் சாயம் பூசுவதையும் விட்டுவிடுங்கள். இருபுறமும் கோடு, சந்திப்பில் மட்டும் நிறம் போதும். பின்னால் இரண்டு சக்கரம் உள்ள ரிக்‌ஷாவில் பெரும்பாலும் ஒரு சக்கரத்துக்குத்தான் செயினின் விசை போகிறது. வழுவழுப்பான சாயத்தில் நனைந்த மணல் படிந்திருந்தால் அந்த ஒற்றைச் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும். சாயத்துக்குச் செலவழிக்கிற பணத்தில் விளிம்புக் கல் வையுங்கள்.

அகலம்: ட்ரைசைக்கிளுக்கு 1.2 மீட்டர், அதை முந்துகிற சைக்கிளுக்கு 0.6, இரண்டுக்கும் நடுவே 0.3, இருபுற விளிம்புக்கும் 0.2 வீதம். ஒருவழிப் பாதைக்கு 2.5 மீட்டர் வேண்டும். இடமே இல்லாத தெருக்களில் தனிப்பாதை போடாமல், மோட்டார் வேகத்தை மணிக்கு 20, 25 கிலோமீட்டராகக் குறைத்து எல்லாரையும் ஒன்றாக ஓடவிடுவதுதான் நேர்மை. ஒன்றரை மீட்டர் பாதை இரண்டுக்கும் உதவாது. பாதை இருக்கவேண்டிய இடம் நடைபாதைக்கும் நிறுத்துமிடத்துக்கும் நடுவே. கார்க்கதவு திறக்க முக்கால் மீட்டர் இடம் விட்டு, சாலையைவிடப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தி, நடைபாதையைவிட ஐந்து சென்டிமீட்டர் தாழ்த்திப் போடவேண்டும். நிறுத்துமிடத்துக்கு வெளிப்புறம், சாலை ஓரமாகப் போட்டால் அது இரண்டாவது நிறுத்துமிடமாகும். வீட்டு வாசல்களில் கார் ஏறுகிற சரிவை அந்த முக்கால் மீட்டர் பட்டைக்குள் முடித்துவிடுங்கள். பாதை வாசலுக்கு வாசல் ஏறி இறங்கக் கூடாது. பேருந்து நிறுத்தத்தில் பாதை நிழற்குடைக்குப் பின்னால் போகவேண்டும். முன்னால் போனால் ஒவ்வொரு பேருந்தும் அதன்மேல் வந்து நிற்கும், இறங்குகிற பயணிமேல் சைக்கிள் மோதும், பழி சைக்கிளின்மேல் விழும்.

தூண்களுக்கு இடையே 1.4 மீட்டர் விடுங்கள். கார் நுழையாது, ட்ரைசைக்கிள் நுழையும். ஆட்டோ நெருக்கிக்கொண்டு நுழையலாம், மோட்டார் சைக்கிள் நிச்சயம் நுழையும். அதைத் தூணால் தடுக்க முடியாது. அது காவல்துறையின் வேலை. பெருந்தெருவில் ட்ரைசைக்கிளைப் பிடித்து அபராதம் போடுகிற காவலர், அதே நேரத்தைச் சைக்கிள் பாதையில் வருகிற புல்லட்டுக்குச் செலவிடட்டும்.

சந்திப்பில் பச்சை விழுந்ததும் ட்ரைசைக்கிள் நகரவே மூன்று, நான்கு வினாடி ஆகும். முப்பது மீட்டர் அகலச் சந்திப்பைக் கடக்க மேலும் பன்னிரண்டு வினாடி. பச்சையின் கடைசி நொடியில் கிளம்பியவர் நடுவில் இருக்கும்போதே மூன்று வினாடி மஞ்சள் முடிந்து, குறுக்கே வருகிறவர்களுக்குப் பச்சை விழுந்துவிடும். நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் மிதிவண்டிகளுக்கென்று நான்கு மீட்டர் கட்டம் போட்டு, ஐந்து வினாடி முன்னதாகப் பச்சை காட்டுங்கள். எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கிற நேரத்தை மிதிவண்டியின் வேகத்துக்குக் கணக்கிடுங்கள். சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்பவிடுகிற ஃப்ரீ லெஃப்ட் வழிகளை, மிதிவண்டிகள் அதிகமுள்ள சந்திப்புகளிலாவது மூடுங்கள். நேராகப் போகிற சைக்கிளை இடப்பக்கம் திரும்புகிற லாரி அடித்துச் சாய்ப்பது அங்கேதான்.

வேகத்தடைக்கு, சாலைத் தரங்களை வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்கிற அளவு 3.7 மீட்டர் நீளத்தில் பத்து சென்டிமீட்டர் உயரம். தெருவில் இருப்பவை அரை மீட்டருக்குள் அதே உயரத்தை எட்டுகின்றன. மூன்று சக்கரமும் ஒவ்வொன்றாக அதில் ஏறி விழும்போது அச்சு வளையும், சரக்கு சரியும். அளவுக்கு ஏற்றபடி போட முடியாதென்றால் போடாதீர்கள்.

வண்டியைப் பற்றியும் பேசியாக வேண்டும். மனிதன் மனிதனை இழுப்பதா என்று கேட்டு 1973-ல் தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை ஒழித்தார்கள். இழுத்தவர்கள் கையில் சைக்கிள் ரிக்‌ஷா வந்தது. அந்த முடிவு சரி. அதே கேள்வியை இன்று சைக்கிள் ரிக்‌ஷாவை ஒழிக்கப் பயன்படுத்துகிறவர்கள், மாற்று வண்டி கொடுத்தார்கள் என்கிற பாதியை மறந்துவிடுகிறார்கள். பறிமுதல் செய்து கிடங்கில் துருப்பிடிக்க விடுவதால் யாருடைய மானமும் காப்பாற்றப்படுவதில்லை. வண்டியை இலகுவாக்க வழி இருக்கிறது. ஆக்ராவில் 1990-களின் இறுதியில் தொடங்கிய முயற்சியில், கிட்டத்தட்ட எண்பது கிலோ இருந்த ரிக்‌ஷாவை ஐம்பத்தைந்து கிலோ அளவுக்குக் குறைத்தார்கள், கியரும் வைத்தார்கள். அசாமில் 2004-ல் தொடங்கிய ரிக்‌ஷா வங்கி, தின வாடகை கட்டியே தேய்ந்தவர்களுக்குத் தவணையில் வண்டியைச் சொந்தமாக்கியது.

துணை மோட்டார் இன்னும் பெரிய விடுதலை. 0.25 கிலோவாட்டுக்குக் குறைந்த மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் உதவாத சைக்கிள் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகள் அதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. அந்த அளவு மோட்டாரைக் கால்களோடு சேர்த்துக் கணக்கிட்டால், மேலே சொன்ன முப்பதுக்கு ஒன்று சரிவில் நம் 300 கிலோ வண்டி சமதளத்தில் போகிற அதே ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறிவிடும். மறுமுனையில் 4,000 வாட்வரை இ-ரிக்‌ஷாவுக்கு 2015 முதல் சட்டம் இருக்கிறது. நடுவில் இருக்கிற சரக்கு ட்ரைசைக்கிளுக்கு யாரும் தெளிவாக வழி சொல்வதில்லை. அதனால்தான் பழைய பைக் இஞ்சினைப் பற்றவைத்து மீன்பாடி வண்டியை நாற்பதில் ஓட்டுகிறார்கள். பத்து கிலோமீட்டர் வேகத்துக்கென்று வைத்த பிரேக் கட்டை, நாற்பதில் பதினாறு மடங்கு ஆற்றலை அடக்கவேண்டும். அடக்காது. அந்த வண்டிகளைப் பிடிப்பது சரி, ஆனால் பாதுகாப்பான மாற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பிடியுங்கள்.

தடை போட்டுப் பார்த்த நகரங்கள் உண்டு. கொல்கத்தாவில் 2013-ல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். பால்காரரும் பேப்பர் போடுகிறவரும்தான் அபராதம் கட்டினார்கள். டெல்லியில் ரிக்‌ஷாக்களின் எண்ணிக்கைக்கு வைத்திருந்த 99,000 என்ற உச்சவரம்பை 2010-ல் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது, 2012-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாலை இடத்தை வாகனங்களுக்கு அல்ல, மனிதர்களுக்குப் பங்கிடவேண்டும் என்று தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. சென்னை 2014-ல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான தன் கொள்கையை ஏற்றபோது, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காடு இதற்கு என்றது. நடப்பவர், சைக்கிளில் போகிறவர் சாவை 2018-க்குள் பூஜ்யமாக்குவோம் என்றது. அந்த ஆண்டு வந்து போய்விட்டது. சாவு நிற்கவில்லை. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு வந்திருக்கிறது. பாதுகாப்புத் தரத்துக்கு மாறாகச் சாலை போட்டு உயிர் போனால் பொறுப்பான அரசு அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்கிறது அது. வடிகால் கம்பிச் சட்டத்தின் திசை, மேன்ஹோல் மூடியின் மட்டம் எல்லாம் இனி ரசனை சார்ந்த விஷயங்கள் அல்ல.

ஆகவே கேட்கிறோம்.

அடுத்து வருகிற ஒவ்வொரு சாலை மதிப்பீட்டிலும், 1.2 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் நீளமும் 300 கிலோ எடையும் உள்ள ட்ரைசைக்கிளை அளவுகோல் வாகனமாக எழுதுங்கள். போக்குவரத்துக் கணக்கெடுப்புப் படிவத்தில் சைக்கிளுக்கு ஒரு கட்டம், ரிக்‌ஷாவுக்கு ஒரு கட்டம், சரக்கு ட்ரைசைக்கிளுக்கு ஒரு கட்டம் தனித்தனியாக வையுங்கள். காலை ஐந்து மணிக்கே எண்ணத் தொடங்குங்கள். எட்டு மணிக்குத் தொடங்கினால் பாலும் காய்கறியும் போய்ச் சேர்ந்திருக்கும்.

நட்டுவைத்த தூண்களை மூன்று மாதத்துக்குள் 1.4 மீட்டருக்குத் தள்ளி நடுங்கள். நீளவாட்டுப் பிளவுள்ள வடிகால் கம்பிச் சட்டங்களை அடுத்த பருவமழைக்கு முன் மாற்றுங்கள். சுரண்டாமல் தார் போட்ட வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சந்தை, ரயில் நிலையம், பேருந்து நிலையம் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு கார் நிற்கிற இடத்தை எடுத்துக்கொடுங்கள். அதில் நான்கு ட்ரைசைக்கிள் நிற்கும், அல்லது பத்து சைக்கிள். சக்கரத்தை மட்டும் கவ்வுகிற தட்டிகள் ரிம்மை வளைக்கும், வேண்டாம். கவிழ்த்த ‘ப’ வடிவத்தில் முக்கால் மீட்டர் உயரக் குழாய்களை ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டால் போதும். சட்டகத்தையே பூட்டலாம். பக்கத்தில் ஒரு காற்றுப் பம்பும், பஞ்சர் ஒட்டுபவருக்கு நிழலில் இரண்டு மீட்டர் இடமும் வேண்டும். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்கீழ் அவருக்கு அடையாள அட்டை கொடுங்கள்.

மாநில அரசுக்குப் பரிந்துரை எழுதுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 138ஆம் பிரிவு 1ஏ உட்பிரிவு, மோட்டார் அல்லாத வண்டிகளுக்கு விதி இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த விதியில், துணை மோட்டார் பொருத்திய சரக்கு ட்ரைசைக்கிளுக்கு என்ன மோட்டார், என்ன பிரேக், என்ன விளக்கு என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்த விதியை எழுதுகிற குழுவில் ஓட்டுபவரும் வண்டி கட்டுகிற பட்டறைக்காரரும் உட்காரவேண்டும். அதுவரை, இஞ்சின் வைக்காத வண்டியைப் பறிமுதல் செய்வதை நிறுத்துங்கள். பிடித்து வைத்திருப்பவற்றை விடுவியுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தக்காரரின் இறுதிப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு ட்ரைசைக்கிளில் எட்டு தண்ணீர் கேனை ஏற்றுங்கள். பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒருவரை மிதிக்கச் சொல்லி, பொறுப்பான பொறியாளர் கூடவே நடந்து வரட்டும். எங்கே அவர் இறங்கித் தள்ளினார், எங்கே வண்டியைத் தூக்கி வைத்தார், எங்கே சாலைக்குள் விலகினார் என்று பாதையின் தொடக்கத்திலிருந்து எத்தனை மீட்டர் என்கிற சங்கிலி அளவோடு குறித்து, அந்த இடங்களைத் திருத்திய பிறகே பணி முடிப்புச் சான்றிதழ் கொடுங்கள். முதல் சோதனைக்கு வண்டியும் கேனும் ஓட்டுபவரும் எங்கள் பொறுப்பு. எந்தச் சாலை, எந்தத் தேதி என்று எழுத்தில் சொல்லுங்கள்.

சைக்கிள், ரிக்‌ஷா, ட்ரைசைக்கிள் ஓட்டுவோர், கட்டுவோர், பழுதுபார்ப்போர் சார்பில்